நூறு நாள் துவைக்காத சட்டை நம்ம ஊர் வேர்வைக்குத் தாங்குமா?

பாளையங்கோட்டையில் மருந்து கம்பெனி ரெப்பாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, மெரினோ கம்பளிச் சட்டைன்னு ஒண்ணு விக்கான். நூறு நாள் துவைக்காம போடலாம், வாடையே வராதுங்கான். விலை ஏழாயிரத்துக்கு மேல. நான் வாரத்துல பாதி நாள் வள்ளியூர், திசையன்விளைன்னு பைக்ல சுத்துதேன். மாசம் ஒருக்கா சென்னையில மீட்டிங். ரெண்டு சட்டை வாங்கிப் போட்டா துவைக்கிற வேலை மிச்சமாவுமா? கருப்புக் கலர்தான் இருக்குன்னு வேற சொல்லுதான்."

மெரினோ என்பது மெல்லிய கம்பளி தரும் ஒரு வகைச் செம்மறி ஆடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை மீட்டிங்குக்கு என்று ஒன்று வாங்கினால் வீண்போகாது. திசையன்விளைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் காசு தண்டம். பஞ்சாலை ஆய்வகத்தில் நூலையும் துணியையும் சோதித்தே காலம் போனவன் நான். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்த வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நூறு நாள் கணக்கு 2013இல் வந்தது. அமெரிக்காவில் வுல் அண்ட் பிரின்ஸ் என்ற சின்ன நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வழியாகக் கம்பளிச் சட்டைக்கு முன்பணம் திரட்டியபோது, அதை நிறுவியவர் ஒரே சட்டையை 100 நாள் துவைக்காமல் போட்டதுதான் விளம்பரமே. ஜீன்ஸில் இது அதற்கும் முந்தியே தொடங்கிவிட்டது. கனடாவில் அல்பர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரே ஜீன்ஸை 15 மாதம் துவைக்காமல் போட்டார். பிறகு அதையே துவைத்து 13 நாள் போட்டார். இரண்டு முறையும் துணியில் இருந்த பாக்டீரியா எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். 2014இல் லீவைஸ் நிறுவனத்தின் தலைவர் சிப் பெர்க், தான் போட்டிருக்கும் ஜீன்ஸ் ஒரு வருஷமாக வாஷிங் மெஷினையே பார்க்கவில்லை என்று மேடையில் சொல்லி ஊர்வாயில் விழுந்தார்.

இதில் எதுவும் கட்டுக்கதை இல்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது எட்மன்டனில். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் நிலைக்கும் எவ்வளவோ கீழே போகிற ஊர். அங்கே ஒருவன் அணிந்த துணியில் சேருவது தோல் செதிளும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும். மே மாதம் நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில் பைக் ஓட்டுகிறவனின் முதுகில் சேருவது வேறு.

துணி அழுக்காகிறது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று கணக்கு இருக்கிறது: வாடை, உப்பு, பூஞ்சை. பல நாள் போடும் துணி என்று விற்கிறவன் தீர்த்து வைப்பது முதல் கணக்கை மட்டும். குளிர் நாட்டில் அந்த ஒன்று தீர்ந்தால் போதும். நமக்கு மற்ற இரண்டும் முந்திக்கொண்டு வரும்.

வாடையை எடுத்துக்கொள்வோம். வேர்வைக்குத் தன்னளவில் பெரிய நாற்றம் கிடையாது. உடம்பு முழுக்க ஊறும் வேர்வை உப்புத் தண்ணீர். அக்குள் போன்ற சில இடங்களில் வேறொரு வகைச் சுரப்பியும் இருக்கிறது. அது விடுகிற கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தை அங்கே குடியிருக்கும் பாக்டீரியா உடைக்கும்போதுதான் அந்த வெங்காயம் அழுகிய மாதிரி வாடை பிறக்கிறது. கொழுப்பு அமிலங்கள் ஒரு பங்கு, கந்தகச் சேர்மங்கள் ஒரு பங்கு. கந்தகம் துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்த வாடை எந்தத் துணியில் எவ்வளவு தங்குகிறது என்பது நார் தண்ணீரை எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது. நடுத்தர ஈரக் காற்றில் 100 கிராம் கம்பளி சுமார் 16 கிராம் தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பருத்தி சுமார் 8 கிராம். லினனும் பட்டும் இரண்டுக்கும் நடுவில், 11, 12 என்று நிற்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. அதாவது பாலியஸ்டரில் வேர்வை நாருக்குள் போகாமல் மேலேயே நிற்கிறது. அதோடு பாலியஸ்டருக்கு எண்ணெய் என்றால் உயிர். உடம்பு எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் விடாது. ஜிம்முக்குப் போகிற பையன்களின் டீ-ஷர்ட் துவைத்த பிறகும் மறுநாள் போட்ட பத்தாவது நிமிஷம் பழைய வாடையை எழுப்புவது இதனால்தான்.

பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் இதைச் சோதித்தார்கள். 26 பேரை நிலைச் சைக்கிள் மிதிக்கவிட்டு, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் இருட்டில் வைத்து, பிறகு மோந்து பார்க்க ஆட்களை உட்கார்த்தினார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது.

கம்பளி வாடையைக் காட்டாததற்கு, அது கிருமியைக் கொல்கிறது என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அல்பர்ட்டாவின் ரேச்சல் மெக்வீன் கம்பளி, பருத்தி, பாலியஸ்டர் மூன்றையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில் வாடை மிகக் குறைவு கம்பளியில், மிக அதிகம் பாலியஸ்டரில். ஆனால் வாடைக்கும் பாக்டீரியா எண்ணிக்கைக்கும் நேர்ப் பொருத்தம் இல்லை. கிருமி இருக்கிறது, வாடை வெளியே வருவதில்லை. கம்பளி ஒரு புரதம். அதில் அமிலத்தையும் காரத்தையும் பிடித்துக்கொள்ளும் இடங்கள் நிறைய. நாற்றத்தை உண்டாக்கும் பொருட்களை உள்ளே வாங்கி அடைத்துக்கொண்டு, காற்றில் தொங்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகவும் துவைக்கும்போது மொத்தமாகவும் விடுகிறது. ஆகவே "வாடை இல்லை" என்பதை "சுத்தமாக இருக்கிறது" என்று படிக்கக்கூடாது.

வெள்ளித் துணி என்று இன்னொன்று விற்கிறார்கள். பாலியஸ்டரிலோ பருத்தியிலோ வெள்ளி உப்பையோ வெள்ளி பூசிய நூலையோ சேர்ப்பது. ஈரத்தில் வெள்ளி அயனி வெளிவந்து கிருமியைக் கொல்லும், அது உண்மை. 99 சதவீதம் என்று அட்டையில் போட்டிருப்பதும் ஆய்வகத்தில் வந்த எண்ணாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனை புதுத் துணியில், சுத்தமான துணியில் நடக்கிறது. மேலே பிசுக்குப் படிந்துவிட்டால் வெள்ளியால் கிருமியைத் தொட முடியாது. வேர்வையில் இருக்கும் குளோரைடு வேறு அதைக் கட்டிப்போடும். துவைக்கத் துவைக்கக் கரைந்தும் போகும். நான் இதற்குக் காசு கொடுக்கமாட்டேன். சாக்ஸுக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

இனி உப்பு. அரசு பஸ் கண்டக்டரின் காக்கிச் சட்டை முதுகில் மதியத்துக்குள் வெள்ளையாகப் படம் வரைந்திருக்குமே, அதைச் சொல்கிறேன். வெயிலில் உழைக்கிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போவது சாதாரணம். லிட்டருக்குச் சில கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? கம்பளியாக இருந்தாலும் கந்தையாக இருந்தாலும் துணியில்தான் தங்கும். தங்கின உப்பு சும்மாவும் இருப்பதில்லை. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே தானாகத் தண்ணீரை இழுத்துக் கசியும். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்கரையில் ராத்தங்கினால் கவனித்துப் பாருங்கள்: முந்தின நாள் நன்றாகக் காய்ந்து கொடியில் தொங்கிய சட்டை விடியக்காலையில் பிசுபிசு என்று இருக்கும். கிருமிக்கு வேண்டிய ஈரத்தை அந்த உப்பே கூப்பிட்டுக் கொடுக்கிறது. கழுத்துப்பட்டையிலும் கக்கத்திலும் உப்பு மொரமொரத்து, தோலை அறுத்து, நூலையும் தேய்க்கும். நூறு நாள் பேச்சு நம் பக்கம் அடிபடுவது முதலில் இங்கேதான்.

பூஞ்சை இதைவிட முக்கியம், விளம்பரக்காரன் வாய் திறக்காத விஷயமும் இதுதான். படர்தாமரையும் தேமலும் நம் ஊரில் புதிதில்லை. ஆனால் இந்தியா முழுக்கவே சில வருஷங்களாகப் படர்தாமரை முன்போல் மருந்துக்கு அடங்குவதில்லை. அதற்குக் காரணமான பூஞ்சை ஒன்றுக்கு 2020இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று இந்தியாவை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மாத்திரைக்குப் பல சமயம் அது மசிவதில்லை. மருந்து விற்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்தப் பூஞ்சையின் வித்து துணியில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிடக்கும். ஆகவே ஜட்டி, பனியன், சாக்ஸ் இவற்றில் பல நாள் பேச்சே கூடாது, என்ன நார் என்றாலும். வேர்வையில் நனைந்த இறுக்கமான ஜீன்ஸும் அப்படித்தான்; எட்மன்டன் மாணவரின் ஜீன்ஸிலேயே பாக்டீரியா அதிகம் இருந்தது தொடை இடுக்கில். வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை இருந்தால் அவர் துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போடவேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

துவைக்காமல் திரும்பத் திரும்ப உடுத்துவது நம் ஆட்களுக்குத் தெரியாத வித்தையா என்றால், இல்லை. கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் பட்டுத் துணியை மடி (தீட்டுப் படாதது) என்று வைத்து, தினம் நனைக்காமல் பூஜைக்குக் கட்டுவார்கள். பருத்தி வேட்டி என்றால் தினம் நனைத்து உலர்த்தியாகவேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டும் புரத நார் என்பதை இன்றைய பாடத்தில் படிக்கிறோம். ஆனால் அந்தப் பட்டு எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். குளித்த உடம்பில் கட்டுவது, ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் இருப்பது, களைந்ததும் யார் கையும் படாத உயரக் கொடியில் கோலால் விரித்துவிடுவது. பட்டைக் கட்டிக்கொண்டு யாரும் வயலுக்குப் போகவில்லை. பல நாள் போடும் துணியின் விதி முழுக்க அதில் இருக்கிறது.

ஊர் ஆடு இருக்க வெளிநாட்டுக் கம்பளி எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். நம்முடைய கீழக்கரிசல் ஆடும் வேம்பூர் ஆடும் கறிக்கு வளர்க்கிறவை. உடம்பில் இருப்பது குட்டை மயிர், நூற்க ஆகாது. உடம்பில் படும்படி உடுத்தும் கம்பளி நாரின் தடிமன் 19 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கவேண்டும். 30ஐத் தாண்டிய நார் கலந்தால் உடம்பெல்லாம் குத்தும். அந்த மெல்லிய நார் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மெரினோவில் வருகிறது. விலை அதனால்தான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு. சென்னை மீட்டிங் என்றால் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏசிப் பெட்டி, காலையில் ஓட்டல் ரூம், பகல் முழுக்க ஏசி ஹால், மறுபடி ராத்திரி ரயில். வேர்வை பெரிதாக ஓடாத இடம். அங்கே மெரினோ சட்டை அழகாக வேலை செய்யும். ஒரே சட்டையில் போய் வரலாம், கசங்கினதும் தொங்கவிட்டால் தானே நிமிரும். மாசம் ஒரு பயணம் என்றால் ஊர் திரும்பியதும் ஒருமுறை துவைத்தால் போதும். கொடைக்கானலோ வடநாட்டுக் குளிரோ போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

திசையன்விளை நாட்களுக்கு, தளர்வான பருத்தி அல்லது லினன் சட்டை, உள்ளே மெல்லிய பருத்திப் பனியன். பனியன் தினம் துவைகல்லுக்கு. அது உப்பையும் பிசுக்கையும் வாங்கிக்கொள்வதால் மேல்சட்டை மிச்சமாகும். பனியன் போட்டால் இன்னும் புழுங்கும் என்பீர்கள். இறுக்கமான சட்டைக்குள் போட்டால் புழுங்கும். சட்டை காற்றோட்டமாக இருந்தால் அவ்வளவு தெரியாது. வீரவநல்லூர்ப் பக்கத்துக் கைத்தறித் துணியில் இழை நெருக்கம் குறைவாகப் பார்த்துச் சட்டை தைத்துக்கொண்டால், அந்த ஏழாயிரத்தில் ஒரு பகுதிக்கே மூன்று சட்டை ஆகிவிடும். வெயிலில் வேர்வை வழிகிறபோது நார் என்ன என்பதைவிடக் காற்று உள்ளே புகுந்து வெளியே போகிறதா என்பதுதான் பெரிது.

அந்தச் சட்டையையும் தினம் சோப்புப் போட்டு அடிக்கவேண்டியதில்லை. உப்புக்குச் சோப்பு வேண்டாம், தண்ணீர் போதும். சாயங்காலம் வந்ததும் அரை வாளித் தண்ணீரில் கழுத்து, கக்கம், முதுகு மூன்றையும் கசக்கி அலசி, உதறிக் கொடியில் போட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கிற அடிக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இப்படி மூன்று நாள் அலசி நாலாவது நாள் சோப்புப் போட்டால் துணியும் நிற்கும், தண்ணீரும் மிச்சம். மேலிருந்து துணி போடுகிற வாஷிங் மெஷின் ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேல்கூடக் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரல் மாசங்களிலும் அப்படியே. அரைகுறையாகக் காய்ந்த துணி முடை நாற்றம் எடுத்துவிடும். அப்போது அலசுவதை விட்டுவிட்டு, துவைத்த சட்டைகளைக் கூடுதலாக வைத்துச் சமாளிக்கவேண்டியதுதான்.

செய்யக்கூடாத ஒன்று: வேர்வை காய்ந்த சட்டையை அப்படியே இஸ்திரிக் கடையில் கொடுப்பது. நம்மில் பாதிப்பேர் செய்கிறோம். சூடு பட்டதும் கறை நாரோடு கெட்டிப்பட்டு, கக்கத்தில் மஞ்சள் பிடித்துவிடும். பிறகு எந்தச் சோப்பும் உதவாது. சென்ட் அடித்து மூடுவதும் அப்படித்தான், இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவது ஒன்று வரும். குளித்ததும் ஈரக் கக்கத்தில் படிகாரக் கல்லை ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போங்கள். சவரக்கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே கல். கிருமி அடங்கும், சட்டைக்கும் வாழ்வு.

மெரினோ வாங்கினால் வளர்ப்பு முறை வேறு. வீட்டில் அம்மாவிடமோ துவைக்கிற அக்காவிடமோ முதலிலேயே சொல்லிவையுங்கள். துவைகல்லில் அடித்தால் நார்ச் செதிள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சட்டை சின்னப்பிள்ளைக்கு ஆகிவிடும். சுருங்காதபடி பதம் செய்த கம்பளியும் இப்போது வருகிறது, அதுவும் கல்லடி தாங்காது. சலவைச் சோடாவின் காரம் கம்பளிக்கு ஆகாது. பிளீச்சிங் திரவம் பட்டால் கம்பளி கரைந்தே போகும். கலப்புத் துணியில் கம்பளி எத்தனை சதவீதம் என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் முறையே, அந்தத் திரவத்தில் போட்டுக் கம்பளியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போடுவதுதான். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, அமுக்கிப் பிழிதல், நிழலில் விரித்துக் காயவைத்தல், அவ்வளவுதான். எடுத்து வைக்கும்போது பீரோவில் வசம்போ பாச்சை உருண்டையோ போட்டு வையுங்கள். அந்துப்பூச்சிக்குப் பிசுக்குள்ள கம்பளி என்றால் விருந்து. துவைக்காமல் மடித்து வைத்தால் அடுத்த மீட்டிங்குக்குள் ஓட்டை விழுந்திருக்கும்.

வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். கம்பளி 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். உறுதிக்காக நைலான் கொஞ்சம் கலந்திருந்தால் தப்பில்லை, உண்மையில் நல்லது. பாலியஸ்டர் பாதி என்றால் வேண்டாம். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை நமக்குப் போதும், 200க்கு மேல் போனால் அது குளிருக்கு. சந்தேகம் இருந்தால் உள்தையலில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். தலைமுடி கருகின வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி. இரண்டு வாங்குகிறேன் என்றீர்களே, ஒன்று போதும்.

கருப்பு வேண்டாம். கம்பளி வேர்வையைக் குடித்தாலும் உப்பு ஓரத்தில் வெள்ளைக் கோடு காட்டும்; கருப்பில் அது பத்தடி தூரத்தில் தெரியும், ஹாலில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் கண்ணுக்கும் தெரியும். இளஞ்சாம்பல் நிறம் வரும்வரை காத்திருந்து வாங்குங்கள்.